304 இல் கம்மாரிசு: எட்டுப் பிடியையும் எடுப்பது எப்படி

முன்னூற்றிநாலு (304) என்கிற கடதாசி ஆட்டத்தை விளையாடுகிற பலர் கம்மாரிசு என்றால் புள்ளி முழுவதையும் அள்ளுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நாலு பேரும் ஆளுக்கொரு தாள் இறக்க, வென்றவர் அள்ளுவது ஒரு பிடி; எட்டுப் பிடியையும் இரண்டு பேர் கொண்ட ஒரே பக்கம் எடுப்பதுதான் கம்மாரிசு. ஒரு பிடியில் நாலு பேரும் ஏழும் எட்டுமாக இறக்கினால் அதில் ஒரு புள்ளியும் இராது. அந்த வெறும் பிடி எதிர்ப்பக்கம் போய்விட்டால், மீதி ஏழு பிடியில் 304 புள்ளியும் உங்கள் பக்கம் கிடக்கும். கம்மாரிசு மட்டும் கிடையாது. இதை விளங்கிக்கொண்டவர் தன் கையில் உள்ள சின்னத் தாளைப் பார்க்கிற விதமே வேறு.

பேச்சிலும் இந்தச் சொல் அப்படித்தான் நிற்கிறது. ஆட்டத்தில் "கம்மாரிசு அடிச்சிட்டாங்கள்" என்றால் எதிரிக்கு ஒரு பிடிகூட விடவில்லை என்று பொருள். அடித்தவர் அடித்தார், மற்றவர் வாங்கினார். கடதாசிக்கு வெளியே, உதைபந்தாட்டத்திலோ தேர்தலிலோ சொல்லும்போதும் எதிர்ப்பக்கம் வெறுங்கையோடு போயிருக்க வேண்டும். ஏழுக்கு ஒன்று என்று வென்ற ஆட்டம் பெரிய வெற்றிதான், ஆனால் அதைக் கம்மாரிசு என்பது பொருந்தாது. ஒரு சபையின் வட்டாரங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்சி எடுத்தால் அது பொருந்தும்.

தாளும் மதிப்பும்

ஏழு முதல் ஆஸ் வரை, இனத்துக்கு எட்டாக 32 தாள். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்தில் 76, நாலு இனத்திலும் 304. பிடிக்கிற வரிசையும் இதேதான்: ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து, ராசா, ராணி, எட்டு, ஏழு. ஸ்கோப்பன் (ஸ்பேட்), ஆடுதன் (ஹார்ட்), உருவித்தன் (டயமன்), கலாவரை (கிளாவர்) என்கிற இனப் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. 1639 இல் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தவர்கள் அவர்கள். இன்று டயமன், கிளாவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. மேசையில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் சண்டை குறையும்.

ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். முதலில் நாலு தாள் போட்டு, பகிர்ந்தவருக்கு வலப்பக்கம் இருப்பவரிலிருந்து கேள்வி, அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்பது, தொடங்கும். ஆகக் குறைந்த கேள்வி 160. கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் தாள் ஒன்றை, கவிழ்த்து வைத்ததும் அடுத்த நாலு தாள் வரும். முதல் தாளை இறக்குவதும் பகிர்ந்தவருக்கு வலப்பக்கம் இருப்பவரே. கம்மாரிசுக்கு இந்த இருக்கை தனிப் பெறுமதி உள்ளது. காரணம் கீழே வரும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை கடல் கொந்தளிக்கிற காலத்தில் திருகோணமலைக் கரையில் கடதாசி கூடுதலாக விரியும். அந்த மாதங்களின் ஈரக்காற்றுக்குத் தாள் ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு தாள் ஒன்றாய்ப் போய் ஒருவரிடம் ஒன்பது தாளும் இன்னொருவரிடம் ஏழு தாளும் நின்றால் அந்தக் கை செல்லாது. நல்ல கம்மாரிசுக் கை அப்படிக் கலைந்து போவதைப் போல மனம் நோகிற விஷயம் வேறில்லை. முகத்துக்குப் பூசுகிற பவுடரில் ஒரு சிட்டிகை தூவி, கட்டை விரலால் விசிறி, மென்துணியால் துடைத்துவிட்டால் போதும். எல்லோரும் எட்டை எண்ணிப் பார்த்த பிறகே முதல் தாள் இறங்க வேண்டும்.

உறுதியான பிடியை எண்ணுவது

எட்டுத் தாளும் கையில் வந்ததும் புள்ளியைக் கூட்டாதீர்கள். "இந்தத் தாள் பிடிக்கத் தவறுவதற்கு என்ன நடக்க வேண்டும்?" என்று ஒவ்வொரு தாளையும் கேளுங்கள். ஒன்றும் நடக்க முடியாது என்றால் அது உறுதிப் பிடி.

துரும்பில் ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து நாலும் உங்களிடம் இருக்கிறதென்று வைப்போம். வெளியே இருப்பது ராசா, ராணி, எட்டு, ஏழு. நாலும் ஒரே ஆளிடம் இருந்தாலும் நீங்கள் நாலு தரம் துரும்பு இறக்க அவை முடிந்துவிடும். இதோடு ஆடுதனில் ஜாக்கும் ஒன்பதும், உருவித்தனில் ஜாக், கலாவரையில் ஜாக் இருந்தால் எட்டும் உறுதி. பாட்னரின் உதவியே தேவையில்லை. ஆனால் முதல் தாளை இறக்குவது நீங்களாக இருக்க வேண்டும். எதிரி ஒருவர் உருவித்தனை இறக்க, மற்ற எதிரியிடம் உருவித்தன் ஒன்றும் இல்லாமல் துரும்பு ஏழு இருந்தால், உங்கள் ஜாக்கை அந்த ஏழு வெட்டிவிடும். மேலே இருக்கையைப் பற்றிச் சொன்னதன் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட கை அடிக்கடி வராது. வருவது ஓரிடத்தில் ஓட்டை உள்ள கை. அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் நாலு துரும்பு இருந்தால் வெளியே நாலு. அவை மற்ற மூன்று கைகளுக்கும் பிரிகிற விதம் இது: 2-1-1 என்று நூற்றுக்கு 51 தடவை, 3-1-0 என்று 25 தடவை, 2-2-0 என்று 22 தடவை, நாலும் ஒரே கையில் 2 தடவை.

ஜாக், ஒன்பது, ஆஸ், ஏழு என்று வைத்திருப்பவருக்குப் பயம் அந்தக் கடைசி இரண்டில் மட்டுமே. அதிலும் நாலும் பாட்னரிடம் இருந்தால் அவருடைய பத்து உங்கள் பக்கத்துக்கே பிடிக்கும். எதிரியிடம் நாலும் சேர்ந்து நிற்பது நூற்றில் ஒன்றைவிடச் சற்றுக் கூட. தாராளமாகத் துணியலாம்.

ஆஸ் இல்லாமல் ஜாக், ஒன்பது, பத்து, ஏழு என்றால் கதை மாறும். நீங்கள் ஜாக்கையும் ஒன்பதையும் இறக்குவதற்குள் ஆஸ் விழ வேண்டும். ஆஸ் வைத்திருக்கும் எதிரியிடம் மூன்று துரும்போ நாலோ இருந்தால் விழாது. உங்கள் பத்தை அது தின்னும். இப்படி நடப்பது ஏழு தடவைக்கு ஒரு தடவை.

இனி, அதே ஆஸ் இல்லாத கையில் இன்னொரு துரும்பு கூட இருக்கட்டும். ஜாக், ஒன்பது, பத்து, ராசா, ஏழு. வெளியே ஆஸ், ராணி, எட்டு மூன்றுதான். மூன்றும் ஒரே எதிரியிடம் சேர்ந்தால் மட்டுமே ஆஸ் தப்பும். அது பதினெட்டுத் தடவைக்கு ஒன்று. ராசா சேர்ந்தது புள்ளிக்கு மூன்றுதான், ஆனால் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. துரும்பின் நீளத்துக்கு இருக்கிற இந்தப் பலத்தைப் பலர் மதிப்பதில்லை. பெரிய தாளைப் பார்த்துக் கேட்கிறார்கள், எத்தனை துரும்பு என்று பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் கேள்வி தொடங்குமுன் உள்ள நிலைக்கு. எதிரி 180, 190 என்று ஏற்றிக் கேட்டிருந்தால் அவரிடம் ஏதோ ஓர் இனத்தில் ஜாக்கும் நீளமும் இருக்கிறது. அந்த இனத்தில் உங்களிடம் ஒன்பதும் ஆஸும் இருந்தாலும் அவற்றை உறுதியில் சேர்க்காதீர்கள்.

துரும்பைத் திறப்பதும் இழுப்பதும்

துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடுவது 304 இன் அழகு. எதிரிக்குத் துரும்பு தெரியாது, அவர் தடுமாறுவார். சாதாரணக் கேள்வியை எடுக்க அது நல்ல வழி. கம்மாரிசுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது, ஏனென்றால் உங்கள் முதல் வேலை வெளியே நிற்கும் துரும்பை எல்லாம் இழுப்பது. துரும்பைக் காட்டித் திறந்து ஆடுங்கள். ஜாக்கை இறக்குங்கள், விழுந்ததை எண்ணுங்கள், ஒன்பதை இறக்குங்கள், மறுபடி எண்ணுங்கள்.

எட்டிலிருந்து உங்கள் துரும்பைக் கழித்து வருகிற எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். நாலு வெளியே என்றால் நாலு. முதல் சுற்றில் மூன்று விழுந்தால் இன்னும் ஒன்று. அது விழுந்த கணமே துரும்பு இழுப்பதை நிறுத்தலாம், ஆனால் நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை. மிச்சத் துரும்பை இறக்கி எதிரியைத் தாள் கழிக்க வைப்பது ஓர் ஆயுதம்.

பாட்னரின் வேலை இங்கே கடினம். அவரிடம் துரும்பு ஜாக் தனியாக இருந்து, நீங்கள் ஒன்பதை இறக்கினால், ஜாக் தானாகவே பிடிக்கும். இறக்குகிற முறை அவருக்குப் போகும். அப்போது அவர் தன்னுடைய இனத்தைக் காட்டத் தொடங்கக் கூடாது. துரும்பு இன்னும் இருந்தால் அதைத் திருப்பி இறக்க வேண்டும். இல்லையென்றால் தன்னிடம் உள்ள ஜாக் ஒன்றை இறக்கிவிட்டு, நீங்கள் கேட்ட விதத்தை வைத்து உங்கள் இனத்துக்கு வர வேண்டும்.

பாட்னர்கள் செய்கிற இன்னொரு பிழை பழக்கத்தால் வருவது. சாதாரண ஆட்டத்தில் நம் பக்கம் பிடிக்கிற பிடிக்குப் பத்தோ ஆஸோ போட்டுப் புள்ளி ஏற்றுவது சரியான ஆட்டம். கம்மாரிசு ஓடும்போது அந்த ஆஸ்தான் ஏழாம் பிடியைக் காக்கிற தாளாக இருக்கலாம். எட்டுப் பிடியும் வந்தால் புள்ளி தானாகவே வரும், ஆகவே புள்ளி போட வேண்டிய தேவையே இல்லை. எந்த இனத்தில் உங்களுக்கு ஓட்டை என்று பாட்னர் ஊகித்து, அந்த இனத்தின் பெரிய தாளைக் கடைசிவரை பிடித்திருக்க வேண்டும்.

கடைசி மூன்று தாள்

கம்மாரிசு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரு நிலையைப் பாருங்கள். ஐந்து பிடி எடுத்துவிட்டீர்கள். கையில் துரும்பு பத்து, ஆடுதன் ஜாக், ஆடுதன் ஆஸ். வெளியே துரும்பு இல்லை. ஆடுதன் ஒன்பது இன்னும் விழவில்லை.

எதிரி ஒருவரின் கையில் ஆடுதன் ஒன்பது, ஆடுதன் ராணி, கலாவரை ஜாக். நீங்கள் நேரே ஆடுதன் ஜாக்கை இறக்கினால் அவர் ராணியைப் போட்டு ஒன்பதைக் காப்பாற்றுவார். பிறகு உங்கள் ஆஸ் விழும். ஆகவே துரும்பு பத்தை முதலில் இறக்குங்கள். அவர் ஒரு தாளைக் கழிக்க வேண்டும். கலாவரை ஜாக் 30 புள்ளி, ஆடுதன் ராணி வெறும் 2. கை பழக்கமாக ராணியைத்தான் கழிக்கும். கழித்தால் அவரிடம் ஒன்பது தனியாக நிற்கும், உங்கள் ஜாக்குக்கு அது விழும், ஆஸ் கடைசிப் பிடியை எடுக்கும். கம்மாரிசு.

சரியான கழிப்பு கலாவரை ஜாக்கைத்தான். உங்களிடம் கலாவரை இல்லை என்று அவர் எண்ணி வைத்திருந்தால், அந்த ஜாக்கை யாரும் இறக்கக் கேட்கப்போவதில்லை, அதற்கு இனி எந்தப் பிடியும் இல்லை. 30 புள்ளி உங்களிடம் போகட்டும். ஒன்பதும் ராணியும் சேர்ந்து ஒரு பிடியைக் காக்கும். பெரிய தாளைத் தூக்கிக் கொடுக்கிற துணிவுள்ளவருக்கு எதிராகக் கம்மாரிசு அடிப்பது கஷ்டம். எதிர்ப்பக்கம் இருக்கும்போது நீங்களும் அப்படி ஆடுங்கள்.

எதிர்ப்பக்கம் இருவரும் ஒரே இனத்தைக் காத்துக்கொண்டிருப்பது இன்னொரு வீண். பாட்னர் முதலில் எதைக் கழித்தார் என்று கவனியுங்கள். அவர் உருவித்தனை விட்டுவிட்டால் உருவித்தன் உங்கள் பொறுப்பு. ஒருவர் ஒன்று, மற்றவர் இன்னொன்று என்று பிரித்துக் காத்தால்தான் அந்த ஒரு பிடி மிஞ்சும்.

சொல்ல வேண்டிய நேரம்

304 இல் கம்மாரிசை அடித்தால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். மிச்சப் பிடி எல்லாம் நம்முடையது என்று தெரிந்த உடனே "கம்மாரிசு" என்று வாய் திறந்து சொல்லி, தாளைக் காட்டுவதுதான் ஆட்டம். மேலே சொன்ன நிலையில் ஆடுதன் ஒன்பது விழுமுன் சொல்லக் கூடாது. எதிரி பிழையாகக் கழிப்பார் என்பது நம்பிக்கை, அறிவு ஆகாது. எதிரி எப்படி ஆடினாலும் மிச்சமெல்லாம் நமக்கே என்று காட்ட முடிந்தால் மட்டுமே சொல்லுங்கள். ஒன்பது ஏற்கெனவே விழுந்திருந்தால் அந்த மூன்று தாளோடு தயங்காமல் சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் மேசைக்கு மேசை விதி வேறுபடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்தவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் ஒரே மேசையில் இருந்தால், தாள் கலைக்குமுன் நாலு விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பிடிக்கு முன் சொல்லியிருக்க வேண்டும்? பிழையாகச் சொன்னால் எத்தனை கல் (வெற்றி தோல்வியைக் கணக்கு வைப்பது) போகும்? தெரிந்தும் சொல்லாமல் எட்டையும் எடுத்தால் கூடுதல் கல் உண்டா, தண்டமா? கேள்வி எடுக்காத பக்கம் எட்டுப் பிடியையும் எடுத்தால் என்ன? முதல் கேள்விக்கு எங்கள் பரிந்துரை: ஏழாம் பிடியின் முதல் தாள் இறங்குமுன் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். ஒரு தாளே மிச்சமாக இருக்கும்போது சொல்வதில் எந்தத் திறமையும் இல்லை. பிழையாகச் சொன்னதற்குத் தண்டம், சரியாகச் சொன்னதற்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வாய்க்கு வந்தபடி சொல்லிப் பார்ப்பார்கள்.

சொல்வதில் இன்னொரு ஒழுங்கு உண்டு. சொல்கிறவர் தன் கையை வைத்து அறிந்ததைச் சொல்ல வேண்டும். பாட்னரின் முகத்தைப் பார்த்து, அவர் கண்ணைச் சிமிட்டிய பிறகு சொல்வது களவு. நல்ல மேசையில் அதற்கு இடம் கொடுக்க மாட்டார்கள்.

பாட்னர் தாளைக் கவிழ்க்கும் கம்மாரிசு

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இது. எட்டுத் தாளும் வந்த பிறகு, "பாட்னர் கவிழ்க்கட்டும், எட்டையும் நான் தனியாகப் பிடிக்கிறேன்" என்று கேட்பது. பாட்னர் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்குவார். மூன்று பேர் ஆடுவார்கள். ஒரு பிடி தவறினாலும் தோல்வி. இதற்குக் கல்லும் கூட, இழப்பும் கூட.

பாட்னர் உதவ மாட்டார் என்பதை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வெளியே உள்ள 24 தாளில் எட்டு செத்துக் கிடக்கிறது. உங்களைத் தோற்கடிக்கக்கூடிய அந்த ஒற்றைத் தாள் கவிழ்த்த கையில் இருப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் ஒரு ஓட்டை உள்ள கையோடு மட்டும் கேளுங்கள். துரும்பிலும் ஓர் ஓட்டை, பக்க இனத்திலும் ஓர் ஓட்டை என்றால் விட்டுவிடுங்கள். சாதாரணமாக ஆடி, கம்மாரிசு தானாக வந்தால் சொல்லுங்கள். முதலில் இறக்குவது யார் என்பதையும் கேட்குமுன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஏதாவது ஓர் இனம் முற்றாக இல்லாமல், துரும்பு நீளமாக இருந்தால், எதிரி முதலில் இறக்கினாலும் வெட்டிக்கொண்டு உள்ளே வரலாம்.

ஓமி மேசையில்

திருகோணமலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரு மேசையில் இருந்தால் 304 ஐவிட ஓமி என்கிற கடதாசி ஆட்டம் விரிய வாய்ப்புக் கூட. அதே 32 தாள், அதே நாலு பேர், அதே எட்டுப் பிடி. எட்டையும் எடுப்பதற்கு அங்கே கப்போத்தி என்று பெயர். ஓமியில் புள்ளி எண்ணுவதில்லை, பிடியை மட்டும் எண்ணுவார்கள். துரும்பு சொன்ன பக்கம் ஐந்து முதல் ஏழு பிடி எடுத்தால் ஒரு கல், எதிர்ப்பக்கம் வென்றால் அவர்களுக்கு இரண்டு, கப்போத்திக்கு மூன்று என்பது பரவலான கணக்கு. நாலுக்கு நாலு என்றால் அந்தக் கையில் யாருக்கும் கல் இல்லை.

துரும்பை முதல் நாலு தாளைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும், கேள்வி இல்லை. ஆகவே கப்போத்தியைத் திட்டமிட்டுக் கேட்க முடியாது. கை போகிற போக்கில் பிடிக்க வேண்டும். ஐந்தாம் பிடி கிடைத்ததும் ஒரு கல் உறுதி. அதன்பின் இழக்க ஒன்றுமில்லை, ஆகவே ஆறாம் பிடியிலிருந்து முழுத் துணிவோடு மூன்று கல்லுக்கு ஆடலாம். எதிர்ப்பக்கம் நாலு பிடி தொடர்ந்து இழந்துவிட்டால், ஐந்தாவதையும் விட்டால் ஆட்டம் போய்விடும் என்று பதறிக் கையிலுள்ள ஒரே ஆஸை வெட்டுக்குக் கொடுக்கிறார்கள். அதைக் காத்து வைத்திருந்தால் கப்போத்தியாவது தவறும்.

304 இலிருந்து ஓமிக்குப் போகிறவரின் கை செய்கிற பிழை ஒன்றே ஒன்று. ஓமியில் வரிசை ஆஸ், ராசா, ராணி, ஜாக், பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. ஜாக் நாலாவது, ஒன்பது ஆறாவது. துரும்பு ஜாக்கை முதல் தாளாக இறக்கி, ராணிக்குப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். ஆட்டம் மாறும்போது முதல் இரண்டு கைக்குத் தாளை அந்த வரிசையிலேயே அடுக்கிப் பிடியுங்கள். இடப்பக்க ஓரத்தில் ஆஸ், அதற்கடுத்து ராசா.